ஷலுப்பு வந்துவிட்டது

"அறுபது பேரு. ஒரு படகுக்கு அறுபது பேரு. பாய்க்கெல்லாம் வேலயே இல்ல, துடுப்பு மட்டுந்தான்."

சர்க்கரை போடவா, வேண்டாமா என்றுதான் டீக்கடை கோவிந்தசாமி கேட்டிருந்தார். அப்துல் முத்தலிப்பிடம் எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அவர் என் சம்பந்தி. என் மகள் நூரீனை அவர் மகன் ஆசிப்புக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக நானும் இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

சண்டை எங்கள் இரண்டு வீட்டுக்கு நடுவில் இல்லை. டென்மார்க்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் நடுவில். அதுவும் இருநூறு வருஷத்துக்கு முன்னால், நெப்போலியன் காலத்தில். டென்மார்க்காரனுடைய பெரிய கப்பல்களை இங்கிலீஷ்காரன் மொத்தமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். இவனிடம் மிச்சம் இருந்தது மரமும் ஆத்திரமும். அந்த மரத்தைச் சின்னச் சின்னப் படகாகக் கட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பீரங்கி வைத்து, ஏழு வருஷம் மல்லுக்கு நின்றானாம்.

கோவிந்தசாமி கடை பெஞ்சில் தினமும் அந்தப் போர் நடக்கும். போண்டா இங்கிலீஷ்காரன் கப்பல். சுற்றிலும் பிஸ்கட் துண்டுகள், படகுகள். "காத்து வுழுந்துடுச்சி. பாயி தொங்குது. அவனால திரும்ப முடியாது. ரெண்டு பக்கவாட்டுலதான் அவனுக்கு பீரங்கி அத்தனையும். பின்னாடி ஒண்ணுங் கெடயாது. நம்ம ஆளுங்க என்னா பண்றாங்க? நேரா பின்னாடி போயி நின்னுக்குறாங்க." பிஸ்கட் நகரும். அதற்குள் போண்டா ஆறிவிடும். "சாப்புட்டுட்டு அடிங்க பாய், ஈ மொய்க்குது," என்பார் கோவிந்தசாமி.

'நம்ம ஆளுங்க' என்றாரே, அதைக் கவனிக்க வேண்டும். பிறந்தது நெல்லித்தோப்பு, வளர்ந்தது நெல்லித்தோப்பு. டென்மார்க்காரன் எந்த வழியில் நம்ம ஆள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா ஊரு தரங்கம்பாடி. அத ஆண்டது யாரு? நம்ம ஆளுங்கதான?"

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் மாப்பிள்ளையை போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அதே போரில் தரங்கம்பாடிக்கும் இங்கிலீஷ்காரன் வந்திருக்கிறான். நம்ம ஆளுங்க சண்டையே போடாமல் கோட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வேற டிப்பாட்மென்ட்டு," என்றார்.

ஏதோ கடற்படையில் இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தேழு வருஷம் ஒரு டென்மார்க் கம்பெனியின் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன். கப்பலின் அடிவயிற்றில், எஞ்சினுக்குப் பக்கத்தில் வேலை. கடலில் இருந்தாரே தவிர கடலைப் பார்த்தது குறைவு. ஒருமுறை கோபன்ஹேகனில் கப்பலை ரிப்பேருக்கு நிறுத்திய மூன்று நாளில் ஒரு மியூசியத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் படகின் மாதிரி இருந்திருக்கிறது. கப்பலுக்குப் போன மற்றவர்கள் கம்பளியும் செண்ட்டு பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவர் சண்டை கொண்டுவந்தார். கூடவே ஒரு கம்பளிக் குல்லா. நம் ஊர் மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பார். காதோரம் வேர்வை வழியும். கழற்ற மாட்டார்.

வீட்டு விஷயத்திலும் இதே யுத்த தந்திரம்தான். கல்யாண வீட்டில் பிரியாணி சட்டிக்குப் பின்பக்கமாகத்தான் வருவார். நெல்லித்தோப்பு சிக்னலில் பஸ் நின்றால், தன் டி.வி.எஸ். வண்டியைக் கொண்டுபோய் அதன் பின்னால் ஒட்டி நிறுத்துவார். "பின்னாடி அவனுக்கு ஒண்ணுங் கெடயாது சம்மந்தி," என்று ஒருநாள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு ரிவர்ஸ் கியர் இருந்தது. முன்சக்கரத்து மட்காடு நசுங்கிப்போனது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு துக்கம். பெண்டாட்டி போனதைக்கூட இவ்வளவு சொல்ல மாட்டார். அறுபத்து நாலு பீரங்கி வைத்த ஒரு கப்பலைப் படகுகள் சுற்றி வளைத்து நார்நாராகக் கிழித்த பிறகு, பிடிக்கப்போகிற நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டதாம். கப்பல் தப்பித்துவிட்டது. "இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருந்திருந்தா..." என்று தொடையில் அடித்துக்கொள்வார். யாரோ நேற்று அவர் வீட்டு வாசலில் இருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனமாதிரி.

"அதெல்லாம் சரி, கடைசியில ஜெயிச்சது யாரு?" என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

இந்த மனுஷனுடைய பேத்திதான் எனக்கும் பேத்தி. ஷாஹீன். அவள் ஒரு கொட்டாவி விட்டால் நான் ஒரு பக்கம் எழுதுவேன், ஆனால் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றி இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஆறு வாரம் முன்னாடியே பிறந்துவிட்டாள். இருபது நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தாள். அனுப்பும்போது டாக்டரம்மா, "மூணு மாசம் வரைக்கும் சளி, ஜலுப்பு மட்டும் புடிக்கவே கூடாது. புடிச்சா அடுத்த நிமிஷம் தூக்கிட்டு வாங்க," என்று விரலை நீட்டிச் சொன்னார். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால்கூடத் தெருவுக்குத் துரத்தினோம். நாற்பதாம் நாள் முடிந்து, போன வாரம்தான் தாயையும் பிள்ளையையும் நெல்லித்தோப்புக்குக் கொண்டுபோய் விட்டோம்.

இன்று காலை ஏழு மணிக்கு போன். எடுத்தது என் மனைவி கரீமா. சம்பந்திதான்.

"கொழந்தைக்கு ஷலுப்பு வந்துடுச்சி. ரெண்டு பேரும் ஒடனே வாங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். கரீமாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஜலுப்பு வந்துடுச்சாம்," என்றாள். நூரீனுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தோம், எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் பாலம் தாண்டும்வரை கரீமா என் முதுகில் ஓதிக்கொண்டே வந்தாள். அந்த மூக்குக் குழாய் என் கண்முன்னே ஆடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் பாய்ந்தோம். நடுக்கூடத்தில் ஒரு படகு.

பொய் சொல்லவில்லை. மூன்றடி நீளம், மரத்தில் செய்தது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாதபடி இரண்டு முனையும் ஒரே மாதிரி. இரண்டிலும் பீரங்கி வைக்க வளைவாக ஒரு பள்ளம். உத்தரத்தில் இருந்து கயிறு கட்டித் தொங்குகிறது. உள்ளே பூப்போட்ட மெத்தை. பக்கத்தில் குல்லாவோடு சம்பந்தி, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருக்கிறார்.

"கொழந்தை எங்க?" என்று கத்தினேன்.

"குளிப்பாட்டிட்டு இருந்தேன்பா, ஏன்?" என்று நூரீன் துவாலையில் சுற்றிய பிள்ளையோடு வந்தாள். மாப்பிள்ளை கையில் சாம்பிராணித் தட்டு.

"ஜலுப்புன்னு சொன்னாரே ஒன் மாமனாரு!" என்றேன்.

"ஷலுப்பு!" என்றார் சம்பந்தி. "ஷா, ஷா. ஷலுப். அந்தப் படகோட பேரே அதான? டென்மார்க்காரன் பாஷை. பிரெஞ்சுக்காரனும் ஷலூப்புன்னுதான் சொல்வான். ரெண்டு மாசமா மொட்டமாடில யாருக்கும் தெரியாம செஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் வந்தப்பறம்தான் கொழந்தைய அதுல எறக்கணும்னு..."

"அத தொட்டிலுன்னு சொல்ல வாய் வலிக்குதா ஒங்களுக்கு?" கரீமா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அந்த டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா இல்லியா? பாலத்து மேல வண்டியில என் உசுரு போயி வந்துச்சி!"

எனக்கும் அடக்க முடியவில்லை. "ஊரே சிரிக்குது ஒங்கள பாத்து. செத்தவனுங்க சண்டையத் தூக்கிட்டு வந்து பச்சப்புள்ள தலையில கட்றீங்களே, அறிவு இருக்கா சம்மந்தி?"

மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். இந்தப் பேச்சுக்குப் பிறகு என் பேத்தியைப் பார்க்க இந்த வாசற்படி ஏற முடியுமா என்று எனக்கே பயம் வந்தது. பதிலுக்கு ஒரு போர்க்கதை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முத்தலிப் தரையில் உட்கார்ந்திருந்த கரீமாவைப் பார்த்தார். என் சட்டை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றினார். நூரீனின் கையில் இருந்த பிள்ளையிடம் குனிந்து, எஞ்சின் மேல் வைத்துப் பழகிய காதை, அந்த உள்ளங்கை அகல மார்பில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

நிமிர்ந்ததும், தான் நின்ற இடத்தை விட்டு ஒதுங்கி, எனக்கு வழி விட்டார்.

"எங்கயும் அடைப்பு இல்ல, சுத்தமா ஓடுது. என் பேச்ச நம்பாதீங்க சம்மந்தி, நீங்களே காது வெச்சுப் பாருங்க."