ராணி பொம்மைக்குச் சுற்றிய தாள்

நேற்று வண்டிக்குப் பேரிங் வாங்கி வந்தேன். அதைச் சுற்றியிருந்த பழுப்பு எண்ணெய்த்தாளைச் சின்னவள் எடுத்துத் தன் பொம்மைக்குப் போர்த்திவிட்டாள். பிடுங்கிக் கசக்கி எறிந்தேன். அவள் அழுதாள். "ஒரு காயிதத்துக்கா இவ்ளோ கோவம்?" என்று உங்கள் அம்மா கேட்டாள். காகிதத்தின் மேல் கோபமில்லை பிள்ளைகளே. அந்த வாசனையின் மேல்.

நீங்கள் பிறப்பதற்கு முன், ஓசூரில் ஒரு ஜப்பான் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் சுற்றிக் கட்டுவது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் ஜப்பான் அதிகாரி வீட்டில் மார்ச் மாதம் பெண்குழந்தைகளுக்கான பண்டிகை நடக்கும். சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, தோழிகள், கொட்டடிப்பவர்கள் என்று பொம்மைகள் வைப்பார்கள். நம் கொலு மாதிரிதான், சாமி மட்டும் இல்லை. முகம் செய்ய ஒருவர், கை செய்ய ஒருவர், பட்டு உடுத்த ஒருவராம். சிப்பியைப் பொடியாக்கிப் பசையில் குழைத்து, பூசிப் பூசித் தேய்த்த வெள்ளை முகம். அதில் விரல்கூடப் படக்கூடாது. அந்த ராணி, அதிகாரியின் மனைவிக்கு அவருடைய தாய் கொடுத்தது. பண்டிகை முடிந்தவுடன் எடுத்து வைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

கட்டி வைக்க என்னை அனுப்பினார்கள். அந்த அம்மா மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் வைத்துவிட்டுப் போன மெல்லிய வெள்ளைத்தாள் ராணிக்கு மட்டும் பற்றவில்லை. என் பையிலிருந்த எண்ணெய்த்தாளை எடுத்தேன். அந்த வீட்டில் வேலை செய்த முனியம்மா, ஜவளகிரிப் பக்கத்துப் பெண், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அண்ணா, அது எண்ணெ நாத்தம் அடிக்குது. அந்தம்மா வரட்டும்."

"லோடு லோடா கியர் சுத்தி அனுப்பறவன் நான். நீ போயி பாத்திரத்த வெளக்கு."

"கியருக்கு மூஞ்சி இல்லண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்த அம்மா வருமுன் ராணியை அந்தத் தாளில் சுற்றிப் பெட்டியை மூடிவிட்டேன்.

மறு வருடம் பெட்டியை நான்தான் பிரித்தேன். ராணியின் கன்னத்திலும் நெற்றியிலும் மஞ்சள் கறை. பட்டுநூல் கூந்தல் பிசுக்கேறி ஒட்டியிருந்தது. துரு மட்டும் பிடிக்கவில்லை. யாரும் பார்க்குமுன் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா கத்தவில்லை. ராணியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னோடு வந்த சூப்பர்வைசர்தான் பேசினார். "இந்த வேலைக்காரிதான் சமையல் கையோட தொட்டிருப்பா."

"நான் தொடவே இல்லீங்க சார்" என்றாள் முனியம்மா. பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த மாதம் எனக்குப் பெர்மனென்ட் கடிதம் வரவேண்டியிருந்தது. காலையில் அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அதை அவளிடம் சொல்லியிருந்தேன். சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரமே இல்லை.

மறுநாள் முதல் அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்குக் கடிதம் வந்தது. அந்த வேலையைக் காட்டித்தான் உங்கள் அம்மாவைக் கட்டினேன், உங்களைப் படிக்க வைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரிக்குப் பஸ் ஏறினேன். வழியில் தளியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் இருந்தது.

இப்போது அந்த வீடு இல்லை, அங்கே பைக் ஷோரூம். அதிகாரி குடும்பம் என்றைக்கோ ஊர் திரும்பிவிட்டது. போன வருடம்தான் ஜவளகிரி வரை போனேன். "முனியம்மாவா? அவங்க குடும்பத்தோட பெங்களூர் பக்கம் போயி வருசக்கணக்காச்சு" என்றார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ராணி மட்டும் ஜப்பானில் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கலாம். இது என்ன கறை என்று அவர்கள் கேட்டால், அவள் முனியம்மாவின் பேரைத்தான் சொல்லுவாள்.