அரிசி மூட்டைக்குள் புதைந்தவர்

பாரிஸை அடுத்த சென் தெனியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆறு பேர் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் நடக்கப் போவதாக முடிவு செய்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன். வழிகாட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவியைப் பழகிக்கொண்டு வர வேண்டும். கைக்கடக்கமான பெட்டி அது. ஆளுக்கு ஒன்றை மார்பில் கட்டிக்கொள்வார்கள். ஒருவர் புதைந்தால் அவருடைய பெட்டி அனுப்பும் ரேடியோ அலையை மற்றவர்களின் பெட்டிகள் பிடித்து, திசையை அம்புக்குறியாகவும் தூரத்தை எண்ணாகவும் காட்டும்.

பழகுவதற்குப் பாரிஸில் பனி இல்லை. ஆனால் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அக்காவும் அத்தானும் நடத்தும் பலசரக்குக் கடை இருந்தது.

"பனியும் அரிசியும் ஒண்டுதான். ரெண்டும் வெள்ளை, ரெண்டும் பாரம்," என்றார் அத்தான்.

நான் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் இருபது கிலோ மூட்டை ஒன்றின் தையலைப் பிரித்து, நான் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை உள்ளே தள்ளி, மறுபடி கட்டினார்.

"ஆள் புதைஞ்சிட்டார். கால் மணித்தியாலம் இருக்கு."

அதற்கு மேல் போனால் உயிர் தங்குவது கடினம் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

என் கையிலிருந்த பெட்டி முதலில் மீன் இருந்த ஃபிரிட்ஜைக் காட்டியது. மின்சாதனம் பக்கத்தில் இருந்தால் அது குழம்பும். "மீனுக்கை ஆரும் இல்லை," என்றார் அத்தான். இதைப் பற்றி நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே திரையில் எட்டு, பதினைந்து, இருபத்தாறு என்று தூரம் கூடியது.

"அத்தான், ஆள் நடக்கிறார்."

கல்லாவிலிருந்த அக்கா நிமிர்ந்தாள். "இப்பத்தான் ஒரு ஐயா மூட்டை வாங்கிக்கொண்டு போறார்."

ஓடினோம். தெருவில் எண் மறைந்துவிட்டது. பயிற்சித் தாளில் சொன்னபடி நடைபாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து போனேன். மெத்ரோ பாலத்தடியில் அம்புக்குறி திரும்பி வந்தது. படிகளுக்குக் கீழே ஒரு பாண்டிச்சேரி முதியவர் தள்ளுவண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விதிப்படி நான் முழங்காலிட்டு, பெட்டியை மூட்டையின் மேல் நெடுக்கும் குறுக்குமாக நகர்த்தினேன்.

"என்ன தம்பி பண்றீங்க? கோந்த்ரோலா, செக்கிங்கா?"

அத்தான் முந்திக்கொண்டார். "இல்லை ஐயா. உங்கட அரிசிக்குள்ளை ஒரு ஆள் புதைஞ்சிருக்கிறார்."

முதியவர் மூட்டையைப் பார்த்தார். "உயிரோடவா?"

"இருபத்திரண்டு நிமிசம் ஆச்சுது. கஸ்ரம்தான்," என்றார் அத்தான், உண்மையான வருத்தத்தோடு.

பெட்டியை எடுத்துக்கொண்டோம். முதியவர் வேறு மூட்டை கேட்டார். அது நியாயம்தான்.

இரண்டு வாரம் கழித்து மலையில் அன்றைய பனிச்சரிவு அபாய அளவு ஐந்தில் மூன்று. வழிகாட்டி சரிவின் ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டினார். மேலே காற்று இறுக்கிய பனிப்பலகை. அதற்குக் கீழே சீனி போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள். ஒரு தூணளவு பனியைத் தனியே அறுத்து, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினார். பதின்மூன்றாவது தட்டில் மேல்பலகை முழுதாக வழுக்கி அவர் மடியில் விழுந்தது.

"திரும்பலாம்," என்றார்.

பிற்பகல் முழுவதும் விடுதி ஜன்னலருகே சூப்போடு உட்கார்ந்து அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே பனி சரிந்து விழுந்தால் நாங்கள் திரும்பியது சரியென்று ஆகிவிடும். விழவில்லை. நான்கு மணிக்கு யாரோ நான்கு பேர் அதே சரிவில் ஏறி, சிரித்தபடி இறங்கி வந்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பிழைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. வழிகாட்டி ரொட்டிக் கூடையை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.