ஏரிப்பக்கம், தோப்புப்பக்கம்

தலையில் கூடை ஏறிவிட்டால் சூசையம்மாளுக்குக் கழுத்து திரும்பாது. சும்மாட்டின் மேல் கூடை, கூடை நிறைய மடவை, அதற்கு மேல் ஒரு அடுக்கு நண்டு. அதோடு திரும்பிப் பார்த்தால் மீன் ஒரு பக்கம், சூசையம்மாள் ஒரு பக்கம். அதனால் பின்னால் இடியே விழுந்தாலும் முன்னால்தான் பார்ப்பாள்.

தோணிரேவிலிருந்து காட்டூருக்கு மீன் கொண்டுபோக அவளுக்கு இருந்தது சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு கை ஏரி, ஒரு கை தோப்பு. நடுவில் ஒரு ஆள் போகலாம். விலகினால் ஏரிப்பக்கம் கணுக்கால் வரை சேறு, தோப்புப்பக்கம் முள். அந்தப் பாதையில்தான் பழவேற்காட்டு அப்துல் லத்தீப்பும் சைக்கிளில் மீன் கொண்டுபோவார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கேரியரில் மூங்கில் கூடை, ஹேண்டில்பாரில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். மனுஷர் பேசினால் வெல்லம். ஹாரன் அடித்தால் எருமை.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் அந்த எருமை சூசையம்மாளின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் கத்தியது. அவள் பதறி ஏரிப்பக்கம் ஒதுங்கினாள். லத்தீப்பும் ஏரிப்பக்கம்தான் ஒடித்தார். அவள் சட்டென்று தோப்புப்பக்கம் தாவினாள். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். அடுத்த நொடி சைக்கிள் அவள் மேல், கூடை அவர் மேல், நண்டுகள் எல்லார் மேலும்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று சேற்றில் உட்கார்ந்தபடியே கத்தினாள் சூசையம்மாள்.

"ஹாரன் அடிச்சனே அக்கா!"

"ஹாரன் எங்க பாய் சொல்லுது, நீ எந்தப் பக்கம் வர்றேன்னு?"

லத்தீப்புக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஒரு நண்டு லுங்கி வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் குதித்த குதியில், பின்னால் கூடையோடு வந்த ருக்குவும் மற்ற பெண்களும் சிரித்து, சிரிப்பில் இன்னும் இரண்டு கூடைகள் சரிந்தன.

நண்டு இறங்கியதும் அங்கேயே சட்டம் போட்டாள் சூசையம்மாள். கூடைக்காரி நகரமாட்டாள், நின்ற இடத்தில் நிற்பாள். சைக்கிள்காரன்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். எந்தப் பக்கமாகப் போகிறான் என்பதை முன்னாலேயே கத்திச் சொல்லவேண்டும். இடது வலது என்று சொன்னால் ருக்கு எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஆகவே ஏரிப்பக்கமாகப் போனால் "ஏரி", தோப்புப்பக்கமாகப் போனால் "தோப்பு". தப்பு செய்கிறவன் அன்றைக்கு வருகிற கூடைகளையெல்லாம் இறக்கி, திரும்பத் தலையில் தூக்கி வைக்கவேண்டும்.

லத்தீப் நியாயஸ்தர். ஒத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பாதை முழுக்க "ஏரி! ஏரி!" என்று கேட்டது. கணக்கெடுக்க வந்த ஒரு அதிகாரி, ஏரிதான் பொங்கி வருகிறதென்று நினைத்து மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏழெட்டு வருஷம் சட்டம் ஓடியது. அதன்பிறகு சூசையம்மாளின் கழுத்துதான் ஓடவில்லை. கூடை இல்லாதபோதும் திரும்ப மறுத்தது. பொன்னேரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் தலையில் ஒரு செம்பு தண்ணீர்கூட வைக்கக்கூடாது என்றார். வீட்டுக்காரர் மாசிலாமணி மூன்று நாள் யோசித்து, பழைய சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"நாப்பத்தி மூணு வயசுல இது இன்னாத்துக்கு?" என்றாள்.

"கேரியர்ல கூடையைக் கட்டிக்கோ. ஆனா நீ ஓட்டறதை நான் பாக்கமாட்டேன். யாருனா கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

கோடையில் ஏரி ஓரம் வற்றி, களிமண் தரை கல்லாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை மரமில்லை, மட்டையில்லை. அங்கே பத்து நாள் பழகினாள். அந்த வெட்டவெளியில் தார் பூசக் கவிழ்த்துப் போட்டிருந்தது ஒரே ஒரு படகு. பத்து நாளும் அதன்மேல்தான் மோதினாள். ஏறுவதற்கும் அந்தப் படகுதான் படிக்கட்டு. ஏற வந்தது, மிதிக்க வந்தது. நடுவழியில் இறங்க மட்டும் வரவில்லை.

மீனோடு கிளம்பிய முதல் நாள் மதகுச் சுவரைப் பிடித்து ஏறி, காட்டூர் நோக்கிக் கிளம்பினாள். காற்று முகத்தில் அடித்தது. ஒரு மணி நேரப் பாதை காலடியில் வழுக்கிக்கொண்டு போனது. 'இந்த பாய் இத்தனை வருஷமா இந்தச் சுகத்தைத்தான் அனுபவிச்சாரா!' என்று இருந்தது. அப்போது திருப்பத்தில் ஆறு முதுகுகள், ஆறு கூடைகள். கடைசி முதுகு ருக்குவுடையது.

இறங்கவேண்டும். இறங்கினால் திரும்ப ஏற அடுத்த சுவர் ஒரு மைல் தள்ளி. அதைவிடப் பெரிய விஷயம், எப்படி இறங்குவதென்றே தெரியாது.

"தோப்பு!" என்று அலறினாள். சொன்ன சொல் தவறாமல் தோப்புக்குள்ளேயே போனாள். சவுக்கு மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, சேலை முந்தானையை ஒரு மரத்துக்கும் செருப்பை இன்னொரு மரத்துக்கும் கொடுத்துவிட்டு, சருகுக் குவியலில் போய்ச் சாய்ந்தாள்.

ருக்கு நிதானமாக வந்து நின்றாள்.

"யக்கா, சைக்கிள்காரன் இறங்கணும்னு சொன்னது யாரு?"

"நான்தான்டி."

"அப்ப ஆறு கூடை கீது. தூக்கு."

"டாக்டர் தூக்கக்கூடாதுன்னுட்டாரு."

ஆறு பேரும் கூடையோடு அசையாமல் நின்றார்கள். சட்டம் சட்டம்தான். பின்னால் "ஏரி! ஏரி!" என்று வந்த லத்தீப், நடந்ததைக் கேட்டு, சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆறு கூடையையும் இறக்கி ஏற்றினார். வேர்வை துடைக்கும்போதுதான், "இறங்கி ஏர்றது எவ்ளோ பேஜாருன்னு இப்பத் தெரியுதா அக்கா?" என்றார்.

சூசையம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனுஷரை எத்தனை ஆயிரம் தடவை இறக்கி விட்டிருக்கிறோம்! அங்கேயே சட்டத்தைத் திருத்தினாள். இனிமேல் இறங்கவேண்டாம், வேகத்தைக் குறைத்து ஒரு காலை ஊன்றினால் போதும். ருக்கு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு சரியென்றாள். லத்தீப் அன்றைக்கு மதகருகே அரை மணி நேரம் நின்று, சூசையம்மாளுக்குக் காலூன்றக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் சைக்கிளும் சைக்கிளும் எதிரெதிரே வந்தால் என்ன செய்வதென்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஐப்பசியில் ஒருநாள், தராசை மறந்து பாதி வழியில் திரும்பிய லத்தீப்பும், காட்டூருக்குப் போய்க்கொண்டிருந்த சூசையம்மாளும் நேருக்கு நேர் வந்தார்கள்.

"ஏரி!" என்றார் அவர். "ஏரி!" என்றாள் அவள். இரண்டு பேரும் ஏரிப்பக்கம் ஒடித்து, சக்கரம் முட்ட, காலூன்றி நின்றார்கள்.

"சரி, தோப்பு" என்றாள். அவரும் அதே மூச்சில் "தோப்பு" என்றிருந்தார்.

"நீங்க போங்க பாய்."

"நீ போ அக்கா, வெயில் ஏறுது."

"உங்க மீனுக்கும் அதே வெயில்தானே? போங்க."

மரியாதையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை. இவர்கள் சக்கரத்தோடு சக்கரம் வைத்து உபசாரம் பேசிக்கொண்டிருக்க, ருக்குவும் ஐந்து பெண்களும் கூடைகளோடு வந்தார்கள். திரும்பிப் பார்க்காமல், முள்ளை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

சூசையம்மாள் காட்டூர் போய்ச் சேர்ந்தபோது எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.