யாரும் நம்பாத புள்ளி

திருக்கழுக்குன்றத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள் சங்கரி. தொண்ணூற்றைந்தாம் வருஷம் தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணத்துக்குப் பிறகு, எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் கடுகளவு அவளுக்குக் காணாமல் போயிற்று.

அப்போது கல்யாணமான புதுசு. பைக் மெக்கானிக்கான கணவன் சீனு ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவந்து, "இத்த வச்சிகினு பாரு, ஒண்ணும் ஆவாது" என்று நீட்டினான். தானும் ஒரு தரம் பார்த்தான். அதற்குள் யாரோ வண்டியோடு வந்து கூப்பிட, இறங்கிப் போய்விட்டான். அவள் மொட்டை மாடியில் நின்று, சூரியன் தேய்ந்து மறுபடி வளரும்வரை பார்த்தாள்.

மறுநாள் ஊசியை எடுத்தால் அதன் காது தெரியவில்லை. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது.

கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு மேல்வரி வரை தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டாள். கோளாறு ஒன்றும் இல்லை என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டிலும் அதே பதில்தான்.

"எல்லா டாக்டரும் நல்லா கீதுன்றான். ஒனுக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றான் சீனு. ஜாக்கெட் கொக்கி தைக்க உடம்பு வணங்காமல் சாக்குச் சொல்கிறாள் என்றாள் மாமியார். எதிரில் நிற்பவரை நேராகப் பார்த்தால் அவர் கண்மணி மறைந்துவிடும். அதனால் சங்கரி காதைப் பார்த்துப் பேசினாள். கர்வக்காரி என்று பெயர் வந்தது. வருஷங்கள் போகப் போக அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். நாமே கற்பனை செய்கிறோமோ என்றுகூடச் சில நாள் தோன்றியது.

இரண்டாயிரத்து ஏழில் சீனுவுக்குச் சர்க்கரை வந்து பார்வை மங்கியது. மாமல்லபுரம் போகும் சாலையில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனாள். அங்கே புதிதாக ஒரு ஸ்கேன் வந்திருந்தது. கண்ணைத் தொடாமல், வெறும் ஒளியை அனுப்பியே, உள்ளே விழித்திரையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். சீனுவின் படம் திரையில் விழுந்ததைப் பார்த்த சங்கரி, "ஏம்மா, என் கண்ணயும் பாப்பியா?" என்று அதை இயக்கிய பெண் மேக்னாவிடம் கேட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து அவளை உட்காரவைத்தாள் மேக்னா.

மடித்து வைத்த கலர் துணிகளின் ஓரம் மாதிரி திரையில் அடுக்குகள் எழுந்தன. நடுக்குழியில், அடி அடுக்கு மட்டும் பூச்சி அரித்தாற்போல விட்டுப்போயிருந்தது. இரண்டு கண்ணிலும் அதே இடம்.

டாக்டர் வந்து பார்த்தார். "எப்பவாவது கிரகணம் பாத்தீங்களாம்மா?"

சங்கரி சொன்னாள். சூரியன் சுட்ட தழும்பு, எக்ஸ்ரே ஃபிலிம் அதைத் தடுக்காது என்றார் அவர். சாதாரண டார்ச்சுக்கு இவ்வளவு சின்னது சிக்காது. இதற்கு மருந்தும் இல்லை. இதற்கு மேல் பெரிதாகவும் ஆகாது.

திரும்பும் பஸ்ஸில் சீனு, "நான்தானே அந்த ஃபிலிம குட்த்தேன்" என்றான்.

"நீ தெரியாமத்தான் குட்த்த. அதுக்கு எனுக்குக் கோவமில்ல" என்றாள் சங்கரி. "இத்தினி வருசமா நான் சொல்லிகினே கீறேன். நீ நம்பல. அதுக்குத்தான் கோவம்."

அடுத்த வாரம் அவனுக்குக் கண்ணில் லேசர் வைக்க அவள்தான் கூட்டிப்போனாள். அதன் பிறகு வேலை கொடுக்க வருபவர்களிடம், "நடுவுல எனுக்குத் தெரியாது, கொக்கி நீங்களே வச்சிக்குங்க" என்று அவள் முதலிலேயே சொல்லிவிடுவாள்.