படம் நின்றால் வாய் மூடும்

லிஃப்ட்காரர் சின்ன பிரஷால் கம்ப்யூட்டர் விசிறியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. முப்பது வருஷம் லிஃப்ட் மோட்டார்களைப் பிரித்துப் பூட்டியவர், தூக்கமில்லாமல் ஒரே திருகாணியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினார்.

பக்கவாதம் வந்த அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே போய் ஆறு மாதம். அவள் வாய் திறக்க ஒரே வழி, கட்டிலுக்கு எதிரே உள்ள டிவியில், தங்கையோடு அவள் சண்டை போட்டுச் சிரிக்கும் பழைய வீடியோக்கள். சிரித்து முடிந்து வாய் தளரும் நொடியில் ஸ்பூனை வைப்பேன். சிரிக்கும்போதே கொடுத்தால் புரையேறும். வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள். இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்துப் படம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. டிவியில் வட்டம் சுற்றும். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

"என்ன தம்பி, உங்க லிஃப்ட் பாதி மாடியிலயே நின்னுடுச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. இது பழைய கேமராவுல எடுத்தது, இந்த டிவிக்குப் புரியாது. ஹால்ல இருக்கற கம்ப்யூட்டர்தான் ஓட ஓட மாத்தி அனுப்புது. இவளுக்குக் காது மந்தமாயிடுச்சேன்னு போன வாரம் பேச்சையெல்லாம் எழுத்தா போட்டேன். இப்ப அந்த எழுத்தையும் படத்து மேல ஒட்டி ஒட்டி அனுப்பணும். கிழட்டு மெஷின், மூச்சு வாங்குது."

"அதாவது, வாயைத் திறந்துட்டு இருக்கறவங்க முன்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு வாயா மசிக்கறீங்க. முதல்லயே மசிச்சு வெச்சா என்ன?"

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "மாத்தினா படம் கொஞ்சம் மங்கும்க்கா. இவ தங்கச்சி போய்ச் சேர்ந்துட்டா. இருக்கறது இந்த நாலஞ்சு வீடியோதான். கை வைக்க வேண்டாம்னு இருந்தேன்."

"அதுல ஏன் கை வைக்கறீங்க? நகல் எடுங்க. சோறு ஊட்ட நகல் போதும்."

"ஒண்ணுக்கு ஆறு மணி நேரம் ஆகும். முதல் தடவை, நடுவுல நின்னுட்டா பார்க்க ஆள் வேணும், ராத்திரி விட முடியாது. அதுவரைக்கும் வேற எதுவும் ஓடாது. சாயங்காலம் இவ பட்டினி."

"ஒரு வாரமா அரைப்பட்டினிதானே. ஒரு வேளை போகட்டும்."

மூன்று மணிக்கு ஆரம்பித்தார். டிவி இருட்டாகவே இருந்தது. சாயங்காலம் இரண்டு ஸ்பூன்தான் போனது. லிஃப்ட்காரர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, ஹாலுக்குப் போய்த் திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டின் முன் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க முறைச்சா அது வேகமா போகப் போறதில்ல. போய்ப் படுங்க," என்றேன். படுக்கவில்லை.

காலையில் நகலைப் போட்டார். கம்ப்யூட்டருக்கு இப்போது மாற்றும் வேலை இல்லை. இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் போதும். விசிறி சத்தமே போடவில்லை. "உனக்கு வயசாக வயசாக மூக்கு மட்டும்தான் வளருது," என்றாள் தங்கை. எழுத்து கீழே வந்தது. கட்டிலில் அவள் சிரித்தாள், வாய் தளர்ந்தது. வட்டம் ஒருமுறைகூடச் சுற்றவில்லை. பதினோரு ஸ்பூன். அவள் களைத்துவிட்டதால் பன்னிரண்டாவதை நான் கொடுக்கவில்லை.

வாயைத் துடைத்து, தலைப்பக்கம் உயர்த்தியபடியே அரை மணி நேரம் உட்கார வைத்தேன். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஹாலில் நாற்காலியிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி, அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு அடுத்த வீடியோவை மாற்றப் போடச் சொன்னேன்.