இடெல்லா திரும்பக் கேட்ட தோட்டாக்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். அடுத்தவர் பல் துலக்கிய பிரஷ்ஷை வாங்கி நாம் துலக்குவோமா, அது மாதிரிதான். சுட்டுக் காலியான பித்தளைக் குப்பியைப் பொறுக்கி வந்து, அடியில் பொறி கொடுக்கும் புதுக் கேப்பு பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தும் வேலை கிழக்கு மான்டானாவில் பாதி வீடுகளில் குளிர்காலம் முழுக்க நடக்கும். ஆனால் அவரவர் தோட்டா அவரவர் துப்பாக்கிக்கு. வெடித்தால் அவரவர் முகம்.

இந்த வழக்கத்தை மீறிய வீடுகள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று எங்கள் வீடு, இன்னொன்று வென்டல் ஸ்ட்ரோவின் வீடு. இரண்டு வீடும் மீறியது இடெல்லா பிரெக்கி என்கிற ஒருத்தியை நம்பி.

இடெல்லாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி ஹால்வோருடன் குதிரை வளர்த்துக்கொண்டிருந்தாள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்களை யாரும் பெண் கேட்கவில்லையா என்று ஒருமுறை வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன்.

“கேட்டான் ஒருத்தன். அவன் குதிரையப் போய்ப் பாத்தேன். விலா எலும்பு ஒண்ணொண்ணா எண்ணலாம். குதிரைக்கே சோறு போடாதவன் எனக்கா போடப் போறான்னு திரும்பி வந்துட்டேன், லொரீன்.”

அவள் ரைஃபிள் உலகப் போருக்கு முன்னால் அவள் அப்பா வாங்கியது. சுண்டுவிரல் நீளத் தோட்டா, சின்னக் குண்டு. தரை அணிலுக்கு அது போதும். வசந்தம் வந்தால் மேய்ச்சல் நிலமெங்கும் இந்த அணில்கள் வளை தோண்டும். வளைக்குள் கால் போனால் குதிரைக்கு எலும்பு முறியும், முறிந்தால் அதைச் சுடவேண்டியதுதான். குதிரையைச் சுடாமலிருக்க அணிலைச் சுடுகிறோம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் மாமனாரும் ஸ்ட்ரோவின் அப்பாவும் அதே கடையில் அதே வகை ரைஃபிளைத்தான் வாங்கியிருந்தார்கள். பிறகு கடைக்காரர்கள் அந்தத் தோட்டாவை வரவழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். என் மாமனாருக்குக் கை நடுக்கம். ஸ்ட்ரோவுக்கு ஓரிடத்தில் உட்கார வணங்காது. அதனால் இரண்டு வீட்டுக் காலிக் குப்பிகளும் இலையுதிர் காலத்தில் இடெல்லாவிடம் போய், பனி உருகும்போது தோட்டாவாகத் திரும்பி வரும்.

அவள் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கலாம், பேசக்கூடாது. தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள். வானொலி கிடையாது. ஹால்வோர் அந்த நேரத்தில் தும்முவதற்குக்கூடக் கொட்டகைக்குப் போவான். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். துளை போட்ட மரக்கட்டையில் காலிக் குப்பிகள் தலைகீழாக நிற்கும். ஒன்றை எடுத்து நிமிர்த்துவாள், மருந்தைக் கொட்டுவாள், விளக்கருகே பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள், கையோடு குண்டை வைத்து அழுத்துவாள். பிறகுதான் அடுத்தது. பத்துக் குப்பியில் வரிசையாக மருந்தைக் கொட்டிவிட்டு அப்புறம் மூடுகிற ஆட்களை அவள் மனிதராகவே மதித்ததில்லை.

அவள் அடைத்ததில் பெரும்பகுதி மெதுத் தோட்டா. குட்டி போட்ட குதிரைகள் நிற்கிற இடத்தில் ‘டமார்’ என்று சுட்டால் அவை வேலியில் போய் விழும். அதனால் சீக்கிரம் எரிகிற மருந்தைத் துளியூண்டு போட்டு அடைப்பாள். சத்தம் கைதட்டுகிற அளவுதான் வரும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. முழு மருந்து போடும் தோட்டாவில் இரண்டு தரம் கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். மெதுத் தோட்டாவில் குப்பி முக்கால்வாசி காலியாகவே இருக்கும். மறதியில் இன்னொரு தரம் கொட்டினாலும் வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் அந்த விளக்கும், அந்த எட்டிப் பார்ப்பதும்.

அந்த மே மாதம் ஒரு காலையில் இடெல்லா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணாடியில் புகைக்கரி, கன்னத்தில் சிவப்பாகப் புள்ளிகள். கையை விரித்துக் காட்டினாள். அடி உப்பிப்போன ஒரு குப்பி, கேப்பு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

“சுட்டதும் ரைஃபிள் போல்ட்டு தெறக்கல. மரச்சுத்தியால தட்டித்தான் எடுத்தேன். என் ரைஃபிள் கெட்டி, தாங்கிருச்சு.”

“பழைய பித்தளைங்க, பிஞ்சிருக்கும்,” என்றேன்.

“பித்தளை இல்ல லொரீன். ரெண்டு தரம் கொட்டியிருக்கேன்.”

“யாராவது வந்து பேசியிருப்பாங்க. கவனம் போயிருக்கும்.”

அவள் உட்கார்ந்தாள். நான் வைத்த காப்பியைத் தொடவில்லை. “அதத்தான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். யாரும் வரல. ஒண்ணும் விழல. ஒரு காரணம் கெடச்சா மனசு ஆறும். கெடைக்கல. கொட்டினேன், பாத்தேன், மறுபடியும் கொட்டினேன். அவ்வளவுதான் நடந்திருக்கு. இந்தக் குளிர்ல அடைச்சதெல்லாம் அப்படியே திரும்ப வேணும்.”

என் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பயம்தான். அதை அவளுக்குக் காட்டிக்கொள்ளாமலிருக்க என்னென்னமோ பேசினேன். குதிரைக்குட்டிகளைப் பற்றிக்கூடப் பேசினேன்.

ஸ்ட்ரோ கொடுக்கவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் வாயை மூடத் தெரியாத ஜென்மம். தன் வேலியருகே நின்றுகொண்டு சிரித்தானாம். “உன் தோட்டாவ நான் முப்பது வருஷமா சுடறேன் இடெல்லா. இதுவரைக்கும் அணில்தான் செத்திருக்கு, நான் சாகல. ஒண்ணு கோளாறாப் போச்சுன்னா அதுக்குன்னு வீடு வீடாப் போயி அழுவியா?” அவன் ரைஃபிளும் அதே வயசுதான், ஆனால் கவனிப்பே கிடையாது. குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டு ஆடும், பிடிக்கட்டை விரிசல்விட்டுக் கம்பியால் சுற்றியிருக்கும். அவளுடையது தாங்கியதை அது தாங்காது. அவனுக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை பாதிதான். நல்ல கண்ணைத்தான் போல்ட்டுக்குப் பின்னால் வைத்துக் குறி பார்க்கவேண்டும்.

இடெல்லா அவன் வீட்டுக்கு இரண்டாம் முறையும் போனாள். மூன்றாம் முறை வீட்டுக்குப் போகவில்லை. காலையில் தானியக் கிடங்கில் காப்பி குடிக்க ஆண்களெல்லாம் கூடுகிற நேரமாகப் பார்த்து உள்ளே போனாள். விதை மூட்டை வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“வாங்க வாங்க, தோட்டா வசூல் பண்ற அம்மா வந்தாச்சு,” என்றான் ஸ்ட்ரோ. இரண்டு பேர் சிரித்தார்கள்.

“வென்டல், வீட்டுல வெச்சுச் சொன்னேன், நீ கேக்கல. இப்ப இத்தனை பேர் முன்னால சொல்றேன்.” தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “ஒரு வருஷமா நான் மேய்ச்சல் கேட்டைத் தொறந்துபோட்டுட்டு வர்றேன்.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பண்ணைக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கேட்டு திறந்து கிடந்தால் மாடும் குதிரையும் வெளியே போய்விடும்; திறந்துபோடுகிறவனுக்கு எங்கள் ஊரில் அடுத்த தடவை யாரும் தங்கள் நிலத்தில் வழிவிடமாட்டார்கள். குடித்துவிட்டு விழுந்தவன்கூட கேட்டை மூடிவிட்டுத்தான் விழுவான்.

“ஹால்வோர் பின்னாலயே வந்து மூடிட்டுப் போறான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். போன மாசம் இந்தக் கெடங்குக்கு வந்து வெளிய வண்டியிலயே உக்காந்திருந்தேன். எதுக்கு வந்தேன்னு தெரியல. அப்படியே திரும்பிப் போயிட்டேன். என் புத்தி போயிட்டிருக்கு வென்டல். அந்தப் புத்தியில அடைச்சதுதான் உன் வீட்டுல இருக்கு. கொடுத்துரு.”

அந்த ஒரு நிமிடத்தில் அவள் தன் பேரை, தன் குதிரைகளை, இனிமேல் ஊரார் அவளை நம்பிக் கேட்கக்கூடிய ஒவ்வொன்றையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டாள். ஒரு கிழட்டு முட்டாளின் கண்ணுக்காக. எனக்கு ஸ்ட்ரோவை அறையவேண்டும் போலிருந்தது. அவன் எழுந்தான். காப்பியைக் குடித்துமுடிக்கவில்லை. “எடுத்துட்டு வர்றேன்,” என்று மட்டும் சொன்னான்.

தோட்டாக்களை எங்கள் டிராக்டர் கொட்டகையில் வைத்துப் பிரித்தோம். அவள் மேசையில் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆட்டிப் பார்த்தாலோ முழுசாக எடை போட்டாலோ தெரியாதா என்று ஸ்ட்ரோ கேட்டான். பித்தளையிலும் ஈயத்திலும் இருக்கிற ஏற்றத்தாழ்வுக்குள் அந்தத் துளி மருந்து மறைந்துபோகும், ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றாள் இடெல்லா. சுத்தி மாதிரி ஒரு கருவி உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்றுவிடும். நான் தட்டினேன். ஹால்வோர் மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி முள்ளைப் பார்த்து “சரி” என்றான். ஸ்ட்ரோ குண்டுகளைப் பொறுக்கிப் போட்டான். இடெல்லா சற்றுத் தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பெட்டியில் ஒன்றும் இல்லை. அவள் வீட்டில் மீதமிருந்ததிலும் இல்லை. மதியத்துக்கு மேல் ஸ்ட்ரோவுக்குப் பழைய வாய் திரும்பியது. “நான்தான் சொன்னேனே. ஒண்ணு, ஒரே ஒண்ணு. கிணத்துல விழுந்த மாதிரி அழுதா இந்தப் பொம்பள.” இடெல்லா அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை என்றால் அது கை தவறல். யாருக்கும் நடக்கும். கேட்டை மூட மறந்ததுகூட அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் முகத்திலும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரோவின் பெட்டியில் பாதி தாண்டியிருப்போம். நான் தட்டினேன். ஹால்வோர் கொட்டினான். “சரி” வரவில்லை. பிறகு வந்தது, கொஞ்சம் தாமதமாக. மற்றதெல்லாம் சேர்ந்த டப்பாவில் அதையும் கவிழ்க்கக் கையைத் தூக்கினான்.

“ஹால்வோர்,” என்றாள் இடெல்லா. “முள்ளப் படிடா.”

“சரின்னு சொன்னேனே அக்கா.”

“எங்கிட்டப் பொய் சொல்லாத. ஒனக்கு அது வராது.”

அவன் தட்டைத் திரும்பத் தராசில் வைத்தான். படிக்கவில்லை. முதுகு குலுங்கியது. ஸ்ட்ரோ எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டு பங்கு,” என்றேன் நான். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

“அப்ப நெசந்தான்,” என்றாள் இடெல்லா. “மிச்சத்தையும் பாத்துருங்க. பாதியில விடக்கூடாது.”

மிச்சத்தில் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரோ ஏதோ சொல்ல வந்து அவள் முன்னால் போய் நின்றான். அவனை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “வீட்டுக்குப் போ வென்டல். சாப்பிடு,” என்றாள்.

வெளியே அவர்கள் வண்டி நின்றது. ஹால்வோர் வழக்கம்போல, ஓட்டாதவர் ஏறுகிற வலப்பக்கக் கதவுக்குப் போனான். அவளும் அதே கதவுக்கு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே கதவுக்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் சாவியை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

“அந்தப் பக்கம் போடா.”

“அக்கா, நான் ஓட்டி எத்தன காலம் ஆச்சு.”

“மெதுவாப் போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.” ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். “வழி மட்டும் நீ பாத்துக்க. எங்கிட்டக் கேக்காத.”