ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தம்

என் மூத்தவனுக்குக் கம்பெனியில் ‘சுடுதண்ணி’ என்றுதான் பேர். காலில் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டான். என் வயிற்றிலேயே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை; மாசம் முடியுமுன்னே வந்துவிட்டான்.

அவனும் மருமகளும் பிளாஸ்டிக் வாளி அடிக்கிற ஒரே மெஷினில்தான் வேலை. அவன் ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் அவள் ஏறுவாள். இரண்டு இரும்புப் பலகை வந்து மோதும், நடுவே வாளி வரும். சில நேரம் வாளி ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருக்கிற கம்பிக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கும். கையை விட்டுப் பிடுங்கலாம்.

அது நின்று மறுபடி கிளம்புகிறவரைக்கும் இவனுக்குப் பொறுக்காது. கதவைக் கவனிக்கிற சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டிவிடுவான். அப்புறம் கதவு திறந்தே கிடந்தாலும் மெஷின் ஓடும். வீட்டுக்கு வரும்போது காந்தம் சட்டைப்பையில் வரும், ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளும்.

“கை போயிடும்டா.”

“போம்மா. மெஷினே என் பேச்சைக் கேக்குது, நீதான் கேக்க மாட்டேங்கிற.”

மருமகள் அந்தக் காந்தத்தைத் தொடமாட்டாள். கதவைத் திறந்தால் நிற்கும் என்று நம்பிக் கையை உள்ளே விடுகிறவள் அவள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் சட்டைப்பையைத் தடவினான். முகம் செத்துப்போச்சு.

“அம்மா, காந்தத்தை எடுக்காம வந்துட்டேன்.”

அவளுக்குப் போன் போட்டான். ஷிஃப்டில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்களே! சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. எச்சில் கையோடு, செருப்புகூட இல்லாமல் ஓடினான். நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். எதை எடுத்தாலும் கீழே போட்டேன்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மெஷின் நின்றிருந்ததாம். பக்கத்து மெஷின்காரி சிவப்புப் பொத்தானை அடித்திருக்கிறாள். மருமகள் வெறுங்கையைப் பார்த்தபடி நின்றாளாம். கையுறையைப் பலகை கவ்வியிருக்கிறது. இழுத்த இழுப்பில் கை மட்டும் வெளியே வந்துவிட்டது.

“விரல் இருக்குல்ல? அப்புறம் என்ன, ஓட்டும்மா” என்றானாம் சூப்பர்வைசர்.

“முதல்ல உங்க கையை விட்டுக் காட்டுங்க சார்” என்றாளாம் மருமகள்.

புருஷனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, அப்பளமாக நசுங்கின கையுறையை ஃபிரிட்ஜில் வைத்து அதே காந்தத்தால் ஒட்டினாள்.

இப்போது தண்ணீர் எடுக்கப் போகிறவன் அதன் முன்னாலேயே நின்றுவிடுகிறான். நேற்று மெதுவாக வந்து கேட்டான்.

“நீயாவது எடுத்துப் போடேன்மா.”

நான் எடுக்கமாட்டேன். பெற்றவள்தான், அதனாலேயே எடுக்கமாட்டேன்.